உடனிருப்பவரின் சொல்

மருத்துவத்துக்கு அங்கங்கள் நான்கு என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவன் ஒருவன். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் காணும் இப்பாகுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆயினும் இந்நான்கில் கடைசியாக நிற்பவனைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவன், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுபவன், இரவெல்லாம் பெஞ்சியில் விழித்திருப்பவன் என்ற அளவில் அவனை நிறுத்திவிடுகிறோம். நோயை அறிவதிலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. அவன் சொல்லும் ஒரு சான்று ஆகும். இதனையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஒரு காட்சியை மனத்தில் கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு. நேரம் இரவு பதினொரு மணி. ஒரு மகள் தன் தாயை அழைத்து வந்திருக்கிறாள். தாய்க்குக் காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, நெஞ்சில் வலி என்றும் சொல்லவில்லை. ஆனால் காலை முதல் ஏதோ ஒரு மாற்றம். பேச்சு தடுமாறுகிறது, கை குளிர்ந்திருக்கிறது, வழக்கமாகக் கலகலப்பாக இருப்பவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மருத்துவர் வருகிறார்; நாடி பார்க்கிறார்; இரத்தம் எடுக்கச் சொல்கிறார். முடிவுகள் வருகின்றன. "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா. வயதானால் இப்படி இருக்கும். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்" என்கிறார். "இல்லை ஐயா, என் தாய் இப்படி இருப்பவர் அல்லர்" என்கிறாள் மகள். "வீணாகப் பயப்படாதீர்கள்" என்று கூறிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

அந்த மகளின் நெஞ்சில் எழும் துன்பம் இரு வகைப்பட்டது. தாய்க்கு என்ன நேருமோ என்ற அச்சம் ஒன்று. தன் சொல் ஒரு பொருட்டாக மதிக்கப்படவில்லையே என்ற வேதனை மற்றொன்று. இவ்விரண்டும் போதாவென்று மூன்றாவதாக ஓர் ஐயமும் வந்து சேர்கிறது. "படித்தவர் சொல்கிறார், நான்தான் இல்லாததைக் கண்டு அஞ்சுகிறேனோ?" என்று அவள் தன் கண்களையே நம்பாதவள் ஆகிறாள். இம்மூன்றிலும் கொடியது இந்த மூன்றாவதே. ஏனெனில் இதுவே அவளை வாய் மூடச் செய்கிறது.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் மருத்துவர்களின் நெஞ்சில் ஈரம் இல்லாமை என்று சொல்லிவிடுதல் எளிது. அது நியாயம் ஆகாது. அவர்கள் பணி புரியும் இடத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். நெப்போலியனின் படையில் லாரே என்றொரு தலைமை மருத்துவர் இருந்தார். போர்க்களத்தில் காயமுற்றுக் கிடப்பவர்களுள் யார் தளபதி, யார் சிப்பாய் என்று பாராமல், யாருடைய காயம் கடியது என்று பார்த்து அவனுக்கே முதலில் சிகிச்சை அளிக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவுகள் யாவும் இந்த அறத்தின் வழியே நடக்கின்றன. இது மிக உயர்ந்த அறந்தான். ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. குருதி சொட்ட வருபவனை எவரும் அறிவர். உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்க, வெளியே தெளிவான அடையாளம் ஒன்றும் இல்லாமல் வருபவனோ வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறான்.

மருத்துவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியும் ஒரு காரணம். குளம்படி ஓசை கேட்டால் குதிரை என்று எண்ணு, வரிக்குதிரை என்று எண்ணாதே என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் தோன்றி உலகெங்கும் பரவிய ஒரு மொழி. தலைவலி என்று வருபவர்களில் மிகப் பலருக்குச் சாதாரணத் தலைவலியே இருக்கும். மூளையில் இரத்தக்கசிவு மிகச் சிலருக்கே இருக்கும். ஆகவே வழக்கமாக வருவதை முதலில் நினைக்க வேண்டும் என்பது இதன் கருத்து. நூற்றில் தொண்ணூறு பேருக்கு இது நன்மையே செய்யும். ஆனால் எஞ்சிய சிலரின் வாயிலில் வந்து நிற்பது உண்மையிலேயே வரிக்குதிரையாக இருந்துவிட்டால் என் செய்வது?

சோதனைகளும் சில வேளைகளில் ஏமாற்றும். மாரடைப்பு தொடங்கிய உடனே எடுத்த இதய மின்பதிவு பழுதில்லாமல் இருத்தல் கூடும். இதயத் தசை சிதையும்போது இரத்தத்தில் வந்து கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதம் சோதனையில் தெளிவாகப் புலப்படச் சில மணி நேரம் ஆகலாம். பக்கவாதம் கண்ட முதல் சில மணிகளில் எடுத்த சி.டி. படத்திலும் மாற்றம் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. சோதனை என்பது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும், நாம் கேட்ட நேரத்தில் மட்டும் விடை சொல்வது. 'இப்போது ஒன்றும் தெரியவில்லை' என்பது வேறு. 'ஒன்றும் இல்லை' என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையில் சிற்சில வேளைகளில் ஓர் உயிர் ஊசலாடுகிறது.

இனி, மருத்துவரிடம் இல்லாத எந்த அறிவு உடனிருப்பவரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் காண்பது ஒரு நிலை. உடனிருப்பவரோ இருபது ஆண்டு, முப்பது ஆண்டு அந்த மனிதரோடு வாழ்ந்தவர். அவர் காண்பது ஒரு மாற்றம். நோய் என்பது பெரும்பாலும் மாற்றமாகவே தன்னை வெளிப்படுத்துகிறது. நேற்று எப்படி இருந்தார் என்பதை அறியாதவருக்கு இன்றைய மாற்றம் எவ்வாறு புலனாகும்?

முதியோரைத் திடீரென்று பற்றும் மனக்குழப்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ கிருமித் தொற்று ஏற்பட்டால், இளைஞருக்குக் காய்ச்சல் அடிக்கும். முதியவருக்கோ காய்ச்சலே இல்லாமல் அறிவு மயங்கலாம். 'இது மூப்பின் இயல்பு' என்று அதனைத் தள்ளிவிடுதல் மிக எளிது. இந்தக் குழப்பத்தைக் கண்டறிய மருத்துவ உலகம் வகுத்துள்ள சோதனைகளுள் ஒன்று ஒரே ஒரு கேள்வியால் ஆனது. கருவி வேண்டா, ஊசி வேண்டா. நோயாளியின் உறவினரையோ நண்பரையோ பார்த்து, "அண்மையில் இவர் வழக்கத்தைவிடக் குழம்பியிருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவே. உடனிருப்பவரின் சொல்லையே ஒரு சோதனையாக மருத்துவம் ஏற்றுக்கொண்டிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு சான்றும் உண்டு. மெனிங்கோகாக்கஸ் என்னும் கிருமி மூளைச் சவ்வையும் இரத்தத்தையும் தாக்கி, ஆரோக்கியமான ஒரு குழந்தையை ஒரே நாளில் மரண வாயிலுக்குக் கொண்டுபோக வல்லது. பிரிட்டனில் இந்நோய்க்கு ஆளான 448 சிறார்களைப் பற்றிய ஆய்வொன்று 2006-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. பெற்றோர் கூறிய செய்திகளையும் மருத்துவர்களின் குறிப்புகளையும் தொகுத்து அவ்வாய்வு செய்யப்பட்டது. மருத்துவ நூல்கள் கூறும் தடிப்பும் கழுத்து விறைப்பும் அறிவு மயக்கமும் நோய் தொடங்கிப் பெரும்பாலும் 13 முதல் 22 மணி நேரம் கழித்தே தோன்றின. கால் வலி, கை கால் குளிர்தல், தோலின் நிறம் மாறுதல் ஆகியவை ஏறத்தாழ 8 மணி நேரத்திலேயே தோன்றிவிட்டன. முதன்முறை மருத்துவரைக் கண்டபோது மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் ஏறக்குறையப் பாதிப்பேர் மட்டுமே. 'கை சில்லென்று இருக்கிறது, நிறம் என்னமோ போல் இருக்கிறது' என்று ஒரு தாய் சொல்லும் சொல், நூல்கள் கூறும் குறிகளைவிடப் பல மணி நேரம் முந்தியது என்பதை இதனால் அறிகிறோம். 2010-இல் அதே ஏட்டில் வந்த மற்றோர் ஆய்வுத் தொகுப்பு, பெற்றோரின் கவலையையே கடும் நோய்க்குரிய எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றாக எண்ணியது.

எண்களைக் கேட்டோம். இனி ஒரு வரலாற்றைக் கேட்போம். 2009-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் சுசானா கஹாலன் என்னும் 24 வயதுப் பெண் பத்திரிகை நிருபராகப் பணியாற்றி வந்தாள். ஒரு நாள் இடக்கை மரத்தது. பிறகு உறக்கம் போயிற்று; காரணமின்றி அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன; பின்னர் வலிப்பும் வந்தது. சோதனைகள் ஒன்றிலும் குறை தெரியவில்லை. பெயர் பெற்ற நரம்பு மருத்துவர் ஒருவர், அவள் மிகுதியாக மது அருந்துகிறாள், ஓய்வின்றி உழைக்கிறாள், அதன் விளைவே இது என்று கூறினார். அவள் அவ்வளவு குடிப்பவள் அல்லள் என்று பெற்றவள் அறிவாள். எனவே தாய் அவ்விடையை ஏற்கவில்லை. மகளை மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணித்தே ஆகவேண்டும் என்று உறுதியாக நின்றாள். அவ்வுறுதியினால்தான் அப்பெண்ணுக்கு மருத்துவமனையில் ஒரு படுக்கை கிடைத்தது.

அவளுடைய பெற்றோர் மணமுறிவு பெற்றுப் பிரிந்து வாழ்ந்தவர்கள். ஒருவரோடொருவர் பேசுதலும் அரிது. ஆயினும் மகளின் அறையில் ஒரு குறிப்பேட்டை வைத்தார்கள். தந்தை இருக்கும் நேரத்தில் கண்டதைத் தந்தை எழுதுவார். தாய் வந்து அதைப் படித்துத் தான் கண்டதை எழுதுவாள். மனநோய் என்று சில மருத்துவர்கள் கருதத் தொடங்கிய வேளையிலும் 'இவள் எங்கள் மகளாக இல்லை. எங்கள் மகளுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது' என்ற நிலையிலிருந்து அவர்கள் பெயரவில்லை. இறுதியில் சூஹெல் நஜ்ஜார் என்னும் மருத்துவர் வந்தார். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அப்பெண்ணிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கடிகார முகத்தை வரையச் சொன்னார். அவள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலப் பாதியிலேயே எழுதி முடித்தாள். இடப் பாதி வெறுமையாகக் கிடந்தது. மூளையின் வலப் பகுதி அழற்சியுற்றிருக்கிறது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி கூறிற்று. உடலின் எதிர்ப்பொருள்கள் தன் மூளையையே பகையென்று எண்ணித் தாக்கும் ஒரு வகை மூளை அழற்சி அது. ஜோசப் டால்மாவ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அதனை உலகுக்கு விளக்கியது 2007-இல். இரண்டே ஆண்டுகளுக்கு முன். உரிய சிகிச்சையால் அப்பெண் தேறினாள். தன் தொழிலுக்கு மீண்டாள். 2012-இல் தன் கதையைத் தானே நூலாக எழுதினாள்.

இவ்வரலாற்றில் மருத்துவத்தின் நான்கு அங்கங்களும் ஒன்றுகூடியிருப்பதைக் காண்கிறோம். மருத்துவர் நோயைக் கண்டார்; மருந்து நோயைத் தீர்த்தது. ஆனால் அந்த மருத்துவர் வந்து சேரும் வரையில் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவளைப் பெற்றவர்கள்.

எல்லாக் கதைகளும் இவ்வாறு இனிதே முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டில் மூன்று வயதும் நிரம்பாத ரயன் சாண்டர்ஸ் என்னும் சிறுவன் நோயுற்றான். பொன்னுக்குவீங்கி என்று முதலில் கருதப்பட்டது. உண்மையில் அவன் உடலில் பரவியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியின் நஞ்சு. அவன் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் உரிய காலத்தில் செயலாக மாறவில்லை. சிறுவன் இறந்தான். 2021-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்துச் சிறுமி மார்த்தா மில்ஸ், விடுமுறைக்குச் சென்ற இடத்தில் மிதிவண்டியிலிருந்து விழுந்தாள். கைப்பிடி வயிற்றில் தாக்கக் கணையம் காயமுற்றது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது அவள் உடலில் கிருமித் தொற்று பரவி, உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் என்னும் நிலை உண்டாயிற்று. தாய் தன் அச்சத்தை எடுத்துரைத்தாள். உடலில் எழுந்த தடிப்பு மருந்தின் ஒவ்வாமை என்று விளக்கப்பட்டது. பதினான்காம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தபோது அச்சிறுமி உயிர் நீத்தாள். முன்னதாகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் அவள் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார்.

இவ்விரு குழந்தைகளின் பெற்றோரும் தம் துயரத்தோடு ஒடுங்கிவிடவில்லை. 2013 முதல் குவீன்ஸ்லாந்தில் 'ரயன் விதி' என்றொரு முறை நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று கருதும் உறவினர் முதலில் தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். மனம் நிறைவுறாவிடில் பொறுப்பிலுள்ள தாதியிடம் சொல்லலாம். அப்போதும் நிறைவுறாவிடில் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து மறு ஆய்வு கோரலாம். இங்கிலாந்தில் 2024-இல் 'மார்த்தா விதி' தொடங்கப்பட்டது. நோயாளியையும் உறவினரையும் நாள்தோறும் 'எவ்வாறு இருக்கிறது?' என்று கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். ஊழியர்களும் உறவினர்களும், இரவாயினும் பகலாயினும், வேறொரு சிறப்புக் குழுவை அழைத்து நோயாளியைப் பார்க்கச் செய்யலாம் என்பவை அதன் கூறுகள். நம் நாட்டிலும் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வகுத்தது. தன் நோயைப் பற்றிய செய்திகளை அறிவதும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் நோயாளியின் உரிமைகள் என்று அது கூறுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உறவினர் அஞ்சும் போதெல்லாம் பெருநோய் இருக்கும் என்று நான் கூறவில்லை. பல வேளைகளில் மருத்துவர் கூறுவதே சரி. வீட்டுக்குச் சென்றவர் மறுநாள் நலமாக எழுந்திருப்பார். அன்றியும், அச்சம் சினமாக மாறி, மருத்துவர்மீதும் தாதியர்மீதும் கை ஓங்கும் இழிசெயல் ஆங்காங்கே நடக்கக் காண்கிறோம். அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஓங்கிய கையைக் காணும் மருத்துவர் தற்காப்பைத்தான் நினைப்பார். நோயை நினைக்க மாட்டார். எனவே உடனிருப்பவருக்கு வேண்டுவது தெளிந்த சொல்.

தெளிந்த சொல் யாது? மூன்று செய்திகளை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். வழக்கமாக இவர் எப்படி இருப்பார்? இப்போது என்ன மாறியிருக்கிறது? எப்போதிலிருந்து மாறியிருக்கிறது? 'பாட்டிக்கு என்னவோ போல் இருக்கிறது' என்பது மருத்துவருக்கு உதவாது. 'பாட்டி நேற்று மாலை வரை தானே கணக்கு எழுதினார்; இன்று காலை ஏழு மணி முதல் என் பெயர் அவருக்குத் தெரியவில்லை; நண்பகலுக்குப் பின் சிறுநீர் கழிக்கவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்ட எந்த மருத்துவரும் ஒரு கணம் நிற்பார். கண்டவற்றை நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். உண்ணும் மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

அதன்பின் பணிவாக மூன்று கேள்விகள் கேட்கலாம். 'ஐயா, இது வேறு எதுவாகவேனும் இருக்கக்கூடுமா?' என்பது முதற்கேள்வி. ஒரே முடிவில் நிலைத்துவிட்ட மனத்தை இது மெல்ல அசைக்கும். 'வீட்டுக்குச் சென்றபின் எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்?' என்பது இரண்டாவது. 'மூத்த மருத்துவர் ஒருவர் பார்க்க இயலுமா?' என்பது மூன்றாவது. இவற்றுள் ஒன்றிலும் அவமதிப்பு இல்லை. நல்ல மருத்துவர் எவரும் இவற்றை வெறுக்க மாட்டார்.

இதைக் கேட்கும் மாணவர்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் தாதியாகவும் ஆவீர்கள். உங்களுக்கு ஒரு சொல். உங்கள் முன் நிற்கும் தாய்க்குக் கலைச்சொற்கள் தெரியாதிருக்கலாம். அவள் சொல்வது முன்னும் பின்னுமாக இருக்கலாம். உங்களுக்கோ அது அன்றைய இரவின் நாற்பதாவது நோயாளியாக இருக்கலாம். ஆயினும் 'என் பிள்ளை இப்படி இருப்பவன் அல்லன்' என்று அவள் கூறும்போது, உங்களிடம் உள்ள எந்தக் கருவியும் அளக்க முடியாத ஒன்றை அவள் அளந்து சொல்கிறாள். அதை நோயாளியின் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் தெரியாதபோது 'ஒன்றுமில்லை' என்று கூறாதீர்கள். 'எனக்கு இன்னும் விளங்கவில்லை. சிறிது நேரம் கவனிப்போம்' என்று கூறுங்கள். அவ்வாறு கூறுவதால் உங்கள் கல்விக்கு இழுக்கு இல்லை. கேட்பவர் நெஞ்சுக்கோ அதுவே பாதி மருந்து.

மற்றவர்களாகிய நாம் அனைவரும் என்றேனும் ஒரு நாள் நம் அன்புக்குரியவரின் கட்டிலருகே நிற்கப் போகிறோம். அன்று நாம் வெறும் துணையாள் அல்லோம். மருத்துவத்தின் நான்காம் அங்கம். நாம் கண்டதைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லுவோம். கேட்கப்படாவிடில் மீண்டும் சொல்லுவோம். அப்போதும் கேட்கப்படாவிடில் வேறொருவரிடம் சொல்லுவோம்.